பெரியம்மா தலையாட்டினாள்

நர்சுகள் விடுதி,
அவினாசி ரோடு, திருப்பூர்.
15.6.2003

அன்புள்ள அனு அக்காவுக்கு விஜி எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சவுதியில், அதுவும் தம்மாமில் வெயில் இப்போது உச்சத்தில் இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். பெரியம்மா முதலிபாளையம் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். நாள் முழுக்க நின்று பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. கால் வீங்குகிறது. பிரஷர் மாத்திரையைத் தினமும் போடச் சொன்னால், "கிறுகிறுன்னு வந்தா போடுதேன், சும்மா எதுக்கு?" என்கிறாள். பெற்ற மகளும் நர்ஸ், வளர்த்த மகளும் நர்ஸ், அவளுக்கு மாத்திரை மட்டும் வேண்டாம். உன் தம்பி இசக்கிமுத்து ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை என்கிறான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் புதுக் கூத்து ஒன்று. சேர்மன் பனியன் ஏற்றுமதி செய்கிறவர் என்று உனக்குத் தெரியும். கம்பெனிக்கு வாங்கிய மாதிரி ஆஸ்பத்திரிக்கும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்க வேண்டுமாம். நவம்பரில் ஆடிட். அதற்காகக் கம்பெனியிலிருந்து ராஜவேல் என்ற மேனேஜரை அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை டீ-ஷர்ட்டுக்கு ஆடிட் பார்த்தவர். இனி ஒவ்வொரு நோயாளிக்கும் கேர் பிளான் வேண்டும் என்கிறார். நோய்க்கு ஒரு அச்சடித்த தாள். நர்ஸ் என்னென்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எதிரே டிக் போடக் கட்டம்.

"எம் சைஸ்னா எம் சைஸுங்க. இன்னைக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவு வருமாங்க? பேஷண்டும் அப்படித்தானுங்க" என்றார் மீட்டிங்கில்.

என் பக்கத்தில் இருந்த சாரதாமணி, "அப்ப டபுள் எக்ஸெல் பேஷண்டு வந்தா என்னுங்க பண்றது?" என்று மெல்லக் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

வார்டில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். நோயாளிகள் இருபதுக்கு மேல். ஊசி போட்டு, டிரிப் மாற்றி, டாக்டர் பின்னால் ஓடி முடிப்பதற்குள் ஷிப்டு முடிந்துவிடுகிறது. குளிப்பாட்டுவது, திருப்பிப் போடுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர்கள்தான். இதில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஆனாலும் மாதிரி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இதெல்லாம் உண்டு என்றாயே, சிலதை நகலெடுத்து அனுப்பு. என் பெயர் சொல்லிக் கொடுத்தால் கொஞ்சம் மதிப்பு வரும்.

உன் தங்கை,
விஜயராணி

---

தம்மாம்
4.7.2003

பிரியமுள்ள விஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முதுகு வலி மட்டும் கூடவே குடியிருக்கிறது. அம்மாவிடம் மாத்திரையைப் பற்றித் திரும்பவும் சொல். போனில் நான் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றுவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறாள். போன் கார்டு தீர்ந்துபோகிறது.

கேர் பிளானைக் கேலி செய்யாதே. வந்த புதிதில் நானும் எரிச்சல்பட்டேன். பதினேழு வயதில் கற்றுக்கொண்ட வேலைக்கு எதற்குக் காகிதம் என்று நினைத்தேன். இப்போது அப்படி இல்லை. ஷிப்டு மாறும்போது பிலிப்பைன்ஸ்காரி விட்ட இடத்தில் நான் தொடங்க முடிகிறது. களைத்துப் போன மூளை மறப்பதைத் தாள் மறப்பதில்லை. பக்கவாதம் வந்து கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்று எழுதியிருந்தால், அதைச் செய்யாமல் வீட்டுக்குப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் எனக்கு ஐந்து நோயாளிகள்தான். அதையும் உன் மேனேஜரிடம் சொல். தாளோடு சேர்த்து ஆளையும் தரவேண்டும்.

வாதம், சர்க்கரைப் புண், எலும்பு முறிவு, பிரசவம் நான்கும் இணைத்திருக்கிறேன். இன்னொன்று. இங்கே சொந்தக்காரர்களை வார்டில் தங்க விடமாட்டார்கள். அதுதான் நல்லது. நம்மூரில் நோயாளிக் கட்டிலுக்கு அடியில் குடும்பமே சமைத்துச் சாப்பிடுகிறது.

அன்புடன்,
அனுசுயா

---

திருப்பூர்
3.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

உன் தாள்களைப் பார்த்து ராஜவேல் சார் எழுந்தே நின்றுவிட்டார். "ஏனுங் சிஸ்டர், இதுதானுங்க இன்டர்நேஷனல்" என்றார். எல்லாவற்றையும் நம் ஆஸ்பத்திரிப் பெயரில் டைப் அடிக்க வைத்தேன். அக்கா, என்னை இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். எல்லா வார்டு நர்சுகளுக்கும் நான்தான் டிரெயினிங். மூன்றாம் மாடியில் மேஜை, ஃபேன், போன். மண்ணரை வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது பெரியம்மா என் வெள்ளைக் கோட்டைத் தடவிப் பார்த்து, "தையல் கோணலா இருக்குட்டி" என்றாள். பிறகு அழுதாள்.

நீ சொன்ன ஆள் விஷயத்தை நானும் கேட்டேன். "ஆடிட்டு முடியட்டும் சிஸ்டர், பார்க்கலாமுங்க" என்றார். சொந்தக்காரர்களைத் தங்க விடுவதில்லை என்பது மட்டும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. செப்டம்பர் முதல் மாலையில் ஒரு மணி நேரம்தான் பார்வை நேரம். வார்டு பளிச்சென்று இருக்கும்.

தாளை நிரப்புவதுதான் பாடு. அதற்கும் அவரிடம் வழி இருக்கிறது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனிக்கு ஆடிட் வந்தால் என்ன செய்வார்களோ அதேதான். ஷிப்டு தொடங்கும்போதே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்துவிட வேண்டும், பிறகு முடிந்த வேலையைச் செய்துகொள்ளலாம். "பேப்பரு ரெடியா இருந்தா பாதி ஜெயிச்ச மாதிரிங்க." நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். சாரதாமணி ஒரே மூச்சில் இருபது தாளுக்கு டிக் போட்டுவிட்டு, "பனியன்ல பிசிறு வெட்டறதை விட இது சுலுவுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

விஜி

---

தம்மாம்
30.8.2003

விஜிக்கு,

நான் நலம். நீ இன்சார்ஜ் ஆனதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் முன்கூட்டியே டிக் போடுவதை நிறுத்து. செய்யாததைச் செய்ததாக எழுதிவிட்டால் அடுத்து வருகிறவளும் செய்யமாட்டாள். வெற்றுத் தாளாவது யாருக்காவது உறுத்தும்.

எனக்கு உபதேசம் பிடிக்காது. ஒரு தடவைதான் சொல்வேன். சொல்லிவிட்டேன்.

அம்மாவின் மாத்திரையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அனுசுயா

---

திருப்பூர்
5.10.2003

அக்கா,

போனில் உன்னிடம் எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, நீயும் அழுதாய். அதனால் எழுதுகிறேன். மனதைத் தேற்றிக்கொண்டு படி.

பெரியம்மா செக்கிங் டேபிளிலேயே சாய்ந்துவிட்டாள். கையில் பிடித்திருந்த பனியனோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு போய்விட்டது. ஆனால் நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது. இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, முதல் மாடி பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டில். சாரதாமணியின் வார்டுதான். அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவின் கட்டில் கம்பியில் தொங்குவது நீ அனுப்பிய வாதத்துக்கான பிளான்தான்.

இசக்கிமுத்துதான் தகராறு செய்கிறான். "அம்மைய இப்படிப் போட்டுட்டு நான் எப்படிட்டி மிஷின்ல உக்காருவேன்? லீவு சொல்லிட்டு வந்துட்டேன், நானே தூக்குவேன், நானே கழுவுவேன்" என்கிறான். வாட்ச்மேனோடு கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. ஆடிட் நெருங்குகிற நேரம் அக்கா, இன்சார்ஜின் சொந்தக்காரனே விதியை மீறினால் என் முகம் என்ன ஆகும்? நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான். நீ அவனுக்கு எழுது.

விஜி

---

தம்மாம்
21.10.2003

விஜி,

லீவு மறுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருக்கிறது. மாற்று ஆள் வராமல் ஜூனுக்கு முன்னால் என்னை விடமாட்டார்களாம். அரபிக் கிழவி ஒருத்தியை இன்று திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, அவள் முதுகை இரண்டு தடவை பார்த்தேன்.

தம்பிக்குத் தனியாக எழுதிவிட்டேன். "வேலைக்குப் போ, நர்சுகளை வேலை செய்ய விடு, விஜி இருக்கிறாள்" என்று கண்டிப்பாகவே எழுதினேன். கேட்பான்.

விஜி, என் அம்மா உன் கையில் இருக்கிறாள். வாரம் ஒரு கடிதம் போடு. சாப்பிடுகிறாளா, புரை ஏறுகிறதா, முதுகு எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் எழுது.

அனுசுயா

---

திருப்பூர்
20.11.2003

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆடிட் வேலையில் சாப்பாடுகூட மறந்துபோனது. உன் உடம்பு நலமா?

நல்ல செய்தி. ஆடிட்டில் தேறிவிட்டோம். இரண்டு பேர் வந்தார்கள், பெரியவர் சென்னைக்காரர். எந்த வார்டைக் காட்டுவது, எந்தக் கட்டிலைக் காட்டுவது என்று ராஜவேல் சார் முன்னாலேயே திட்டம் போட்டிருந்தார். பெரியம்மாவின் கட்டிலும் அதில் ஒன்று. ஒரு குறைகூட இல்லாத ஃபைல் என்பதால். அன்று காலையில் நானே பெரியம்மாவுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, புது விரிப்பு மாற்றச் சொன்னேன். மல்லிகைப் பூ வைத்துவிட்டேன், அவளுக்குப் பிடிக்குமே.

பெரியவர் ஃபைலை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒன்றுகூட விடவில்லையே" என்று பாராட்டினார். பிறகு குனிந்து, "என்னம்மா, நல்லா பார்த்துக்கிறாங்களா?" என்று கேட்டார். பெரியம்மா தலையாட்டினாள். அக்கா, அவளே தலையாட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள்.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டிவிட்டார்கள். பெரியம்மாவை இன்னும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லைன் வீட்டுப் பக்கத்துக்காரி வேலாத்தாள் பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். கஞ்சி குடிக்கிறாள், புரை ஏறுவதில்லை. கவலைப்படாதே.

அவசரமாக முடிக்கிறேன்.

விஜி

---

தம்மாம்
6.12.2003

விஜி,

நான் நலம்.

அம்மாவின் தலைமுடியைப் பற்றி எழுதினாய். பவுடர், பூ, விரிப்பு, எல்லாம் எழுதினாய். நான் கேட்ட முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாதம் வந்து படுத்தவளைப் பற்றி ஒரு நர்ஸ் இன்னொரு நர்சுக்கு எழுதினால் முதலில் அதைத்தான் எழுதுவாள்.

மறந்திருப்பாய் என்று நினைக்கப் பார்க்கிறேன். உடனே பதில் போடு.

அனுசுயா

---

மண்ணரை, திருப்பூர்
4.1.2004

அக்காவுக்கு இசக்கிமுத்து எழுதுவது. நீ நல்லா இருக்கிறாயா? இங்கே நல்லா இருக்கிறோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று விஜி ஒரு பஞ்சுக் கட்டை என் கையில் கொடுத்து, "முதுகில சின்னப் புண்ணு இருக்கு, நான் வந்து கட்டுவேன், நீ பிரிக்காத" என்று சொன்னாள். எனக்கு நெருடியது. வேலாத்தாள் அக்காவை வைத்துக்கொண்டு அம்மா முதுகில் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அந்த அக்கா, "அடக் கண்ணு, இது புண்ணில்லையே, குழியாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எலும்பு என்று பிறகு கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே வைத்து அழுகியதை வெட்டி எடுத்தார்கள். போன வாரம்தான் கூட்டி வந்தேன்.

நீ வேலைக்குப் போ என்று எழுதினாய். போனேன். நான் கூட இருந்திருந்தால் புரட்டிப் போட்டிருப்பேன். எனக்கு வேறொன்றும் தெரியாது, அது தெரியும்.

விஜி தினமும் வருகிறாள். கட்டுகிறாள், போகிறாள். நான் அவளிடம் பேசுவதில்லை.

தம்பி,
இசக்கிமுத்து

---

தம்மாம்
25.1.2004

விஜயராணிக்கு,

தம்பி எழுதிவிட்டான்.

அவனை வேலைக்குப் போகச் சொன்னது நான். சொந்தக்காரர்களை விடாதே என்று உனக்கு எழுதியதும் நான். அந்தத் தாளும் என்னுடையதுதான். என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முதுகில் புண் என்று சொல்ல வாய் வரவில்லை. நர்சின் அம்மாவுக்கு.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உனக்கு எப்போது தெரியும்?

அனுசுயா

---

திருப்பூர்
7.3.2004

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேராக எழுதுகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாகவே வார்த்தை வந்து விழுந்தது.

ஆடிட் அன்றுதான் தெரியும். அதற்கு முன்னால் தெரியாது. ஆனால் ஏன் தெரியாது என்பதைக் கேள்.

தினமும் முதல் மாடிக்கு இறங்கி வருவேன். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். கட்டில் கம்பியில் தொங்கிய தாளைப் பார்ப்பேன். எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். நிம்மதியாக மாடி ஏறிவிடுவேன். அந்த டிக் எப்படி விழுகிறது என்று இந்த ஆஸ்பத்திரியில் மற்ற எல்லோரையும்விட எனக்குத் தெரியும்; சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இருந்தும் என் பெரியம்மாவின் தாளில் விழுந்த டிக் மட்டும் நிஜம் என்று நம்பினேன். சாரதாமணியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறோமே என்று ஒரு எண்ணம். ஒரு நாள்கூடப் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

ஆடிட்டர் ஃபைலைப் பார்க்கக் குனிந்தபோது நானும் பக்கத்தில் குனிந்தேன். பவுடருக்கும் மல்லிகைக்கும் அடியிலிருந்து அந்த நாற்றம் வந்தது. நர்சுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவர் ஃபைலிலிருந்து நிமிர்ந்து, "படுக்கைப்புண் ஏதாவது?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் ராஜவேல் சார் நின்றார்.

"இல்லை சார்" என்றேன்.

பெரியம்மா முழித்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவர் அவளிடம், நல்லா பார்த்துக்கிறாங்களா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அவள் தலையாட்டினாள். போன கடிதத்தில் இந்த வரிசையை மாற்றவில்லை, பாதியை விட்டுவிட்டேன்.

அவள் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரன் ஆடிட் வரும்போதெல்லாம் அவர்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார்களாம். ஓவர்டைம் உண்டா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்ட வேண்டும், குடிக்கத் தண்ணீர் உண்டா என்றால் ஆமாம் என்று ஆட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். நாம் சிறுமிகளாக இருந்தபோது அவள் அதை நடித்துக் காட்டுவாள், நாம் விழுந்து விழுந்து சிரிப்போம், உனக்கு ஞாபகம் இருக்கும். என் ஆடிட்டிலும் அவள் அதைத்தான் செய்தாளா, இல்லை நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று செய்தாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் என்னால் தலை நிமிர முடியாது.

ராஜவேல் சார் அவள் கட்டிலை ஃபைலுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. "பேசாத பேஷண்டா ரெண்டு பேரு வேணுமுங்க சிஸ்டர். பேசறவங்க எதையாச்சும் உளறிப்போடுவாங்க" என்றார். பெயரைக் கொடுத்தது நான்.

அவர்கள் போனதும் திருப்பிப் பார்த்தேன். டாக்டரைக் கூட்டிவந்தேன். சுத்தம் செய்தோம். ஆனால் ஃபைலில் ஏற்ற முடியாது என்றார் ராஜவேல். நகல் ஆடிட்டர் கையில் போய்விட்டதாம். அதனால்தான் அவசரமாக டிஸ்சார்ஜ். இசக்கிமுத்துவிடம் சின்னப் புண் என்று சொன்னதும் பொய்தான்.

சாரதாமணியிடம் கத்தினேன். அவள் ஒரு நோயாளியின் மூத்திரப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்லிக்குடுத்தபடிதானுங்க சிஸ்டர் போட்டேன். கீழ வந்து ஒரு நாளு எங்களோட நின்னீங்களாங்க?" என்றாள்.

இவ்வளவுதான் அக்கா. மன்னிப்பு கேட்டு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அது உன்னை ஏதாவது சொல்ல வைப்பதற்காக எழுதியதுபோல் இருந்தது.

விஜி

---

திருப்பூர்
16.5.2004

அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்ததும் தப்பு. ஜூனில் நீ வருகிறாய் என்று வேலாத்தாள் சொன்னாள். இசக்கிமுத்து அவளிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்கிறாள். வீட்டில் இப்போது அப்படித்தான். நீ வருவதற்குள் சிலதைத் தெரிவித்துவிட வேண்டும்.

அரையாண்டு ஆடிட்டுக்கு அதே சென்னைக்காரர் போன வாரம் வந்தார். வார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். டிக் முன்கூட்டியே போடப்படுகிறது, நான்தான் பழக்கினேன், நீங்கள் பாராட்டிய ஃபைலுக்குரிய நோயாளிக்கு எலும்பு தெரிகிற அளவு புண் இருந்தது, நான் இல்லை என்று பொய் சொன்னேன் என்று. அவர் பேனாவை எடுத்து, "சின்னக் குறைபாடு" என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் சரி செய்து ஆதாரம் அனுப்பச் சொன்னார்.

ராஜவேல் கோபப்படக்கூட இல்லை. "இதுக்கு எதுக்குங்க சிஸ்டர் அழுகை? இன்னொரு ஃபாரம் சேர்த்துப்போட்டா முடிஞ்சுதுங்க" என்றார். சேர்த்துவிட்டார்கள். படுக்கைப்புண் தடுப்புத் தாள், மஞ்சள் நிறம். மறுநாள் காலையில் ஷிப்டு தொடங்கும்போதே அதிலும் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. ஆள் ஒருவர்கூடச் சேர்க்கவில்லை. சான்றிதழ் வாசலில் அப்படியே தொங்குகிறது. நான் இவ்வளவு நாளாக என் ஒருத்தியின் அசிங்கம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இங்கே வேறு யாருக்கும் கூசவே இல்லை.

இன்சார்ஜ் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள். முதல் மாடியில் சாரதாமணியோடு போட்டிருக்கிறார்கள். முதல் நாள் அவள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் ஒரு கிழவியைத் திருப்ப முடியாமல், "இந்தப் பக்கம் புடிங்க" என்றாள். பிடித்தேன். எல்லோரையும் திருப்ப எங்களால் முடிவதில்லை. முடியாததை நாங்கள் இரண்டு பேரும் வெற்றுக் கட்டமாகவே விடுகிறோம். மெமோ வந்திருக்கிறது. பின்பக்கப் படிக்கட்டுக் கதவை மத்தியானத்தில் திறந்து வைக்கிறோம். கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில் மகன்களும் மகள்களும் ஓடிவந்து புரட்டிப் போட்டு, துடைத்துவிட்டு, திரும்ப ஓடுகிறார்கள். பனியன் பஞ்சு தலையில் ஒட்டியபடியே வருகிறார்கள். இதை ஒரு மாதம் முன்னால், ஒரே ஒருவனுக்குத் திறந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. ஒரு மாதம் என்று எழுதிவிட்டேன். ஏழு மாதம் ஆகிறது.

இப்போது முதுகைப் பற்றி எழுதுகிறேன். குழி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. அடித்தசை சிவப்பாக இருக்கிறது. நாற்றம் இல்லை. இடது ஓரத்தில் ஒரு இடம் இன்னும் மூட மறுக்கிறது. வலது இடுப்பில் தோல் நேற்று கொஞ்சம் சிவந்திருந்தது, இன்று இல்லை.

கட்டைப் பிரிக்கும்போதெல்லாம், "வலிக்குதா பெரியம்மா?" என்று கேட்பேன். பஞ்சு ஒட்டி உரிந்து வரும், கண்ணில் நீர் ஓடும், ஆனாலும் இல்லை என்று தலையாட்டுவாள். ஒரு நாள்கூட ஆமாம் என்று ஆட்டியதில்லை. இப்போது நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பிரிக்கிறேன்.

நீ வந்ததும் அவள் உன்னைப் பார்த்துச் சிரிப்பாள், நன்றாக இருக்கிறேன் என்று தலையாட்டுவாள். அதை நம்பாதே. மேலே நான் எழுதியிருப்பதையும் நம்பாதே. பையை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நீயே போர்வையை விலக்கிப் பார்.

விஜயராணி